பன்னீர் திராட்சையும் கடைசி பெஞ்சும்



இந்த மாதம் ஒரு சாட்சி எழுதிக் கொடுங்கள் என்று பாஸ்டர் ஐயா கேட்டார். சாட்சி என்றால் வியாதி சுகமானது, கடன் அடைந்தது, பிள்ளைக்கு வரன் அமைந்தது என்று ஏதாவது இருக்க வேண்டுமே! அப்படி ஒன்றும் என் கைவசம் இல்லை. ஒரு கேள்விதான் இருக்கிறது. இரண்டு மாதமாக ராத்தூக்கத்தைக் கெடுக்கிறது. அதையே எழுதலாமா என்றேன். "எழுதுங்க, படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அச்சில் வந்திருந்தால் அவர் படித்துவிட்டார் என்று அர்த்தம்.

2001-ஆம் வருஷத்திலிருந்து நம் சபைத் திருவிருந்துக்குத் திராட்சரசம் காய்ச்சுவது எங்கள் வீட்டு அடுப்பில்தான் என்பது உங்களில் அநேகருக்குத் தெரியும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை நான் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போவேன். விதையில்லாத பச்சைத் திராட்சை உதவாது. கறுப்பாய், கொட்டை உள்ளதாய், கிட்டே போனாலே மணக்கிறதாய் இருக்க வேண்டும். பன்னீர் திராட்சை என்று கேட்டு வாங்க வேண்டும். என் மனைவி அதை அலசி, காம்பு கிள்ளி, கொதிக்கவிட்டு, மத்தால் மசித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டுவாள். வீடு முழுக்க வாசனை வரும்.

ஒரு சித்திரை மாதம், கரண்ட் வருவதும் போவதுமாய் இருந்த காலம், ஊருக்குப் போகிற அவசரத்தில் வெள்ளிக்கிழமையே பழத்தைப் பிழிந்து, காய்ச்சாமல் மூடி வைத்துவிட்டோம். ஞாயிறு காலை மூடியைத் திறந்தால் ஒரே நுரை! வாசனையே வேறே. எனக்கு அந்த வாசனை தெரியும். எங்கள் அப்பாவின் சட்டையில் முகர்ந்த வாசனை. பாத்திரத்தோடு கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டு, பக்கத்து வீட்டில் உலர்ந்த திராட்சை கடன் வாங்கிக் காய்ச்சி, ஆராதனைக்கு அரை மணி நேரம் தாமதமாய் ஓடினோம்.

யாரும் அதில் ஒன்றும் கலக்கவில்லை. திராட்சையின் தோல்மேலேயே கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் இருக்கிறது. நசுக்கி வைத்தால் அது சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும். சும்மா விட்டாலே போதும். அதைத் தடுக்கிறதற்குத்தான் அடுப்பு. அமெரிக்காவில் வெல்ச் என்கிற மெதடிஸ்ட் விசுவாசி, தொழில் பல் வைத்தியம், 1869-ல் திராட்சச் சாற்றைப் பாஸ்டர் கண்டுபிடித்த முறைப்படி சூடாக்கிப் புளிக்காமல் பாட்டிலில் அடைத்தார் (இது பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி பாஸ்டர், நம் பாஸ்டர் ஐயா அல்ல). சபையின் பந்திக்காகவே அதைச் செய்தார். அதற்கு முன்னே புளிக்காத ரசத்தை மாதக்கணக்கில் வைத்துக்கொள்வது பெரும்பாடு. ஆக, நாம் பரிசுத்தம் என்கிற கிண்ணத்துக்கும், சீ என்று முகம் திருப்புகிற கிண்ணத்துக்கும் நடுவே இரண்டு நாளும் ஓர் அடுப்பும்தான் இருக்கிறது. இதை நான் வெகுகாலமாய் அறிந்திருந்தும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

தட்டைச் சுமந்து வரிசை வரிசையாய்க் கொடுக்கிறதும் என் ஊழியம். கடைசி பெஞ்சில் ஒரு சகோதரன் இருக்கிறார். தட்டு வந்ததும் இரண்டு கையாலும் மரியாதையாய் வாங்குவார். ஒன்றையும் எடுக்காமல் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். ஆறு வருஷமாய் அப்படித்தான். அவரைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன். அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதீங்க அங்கிள்" என்றார்.

எங்கள் கல்யாணத்தின் 40-ஆம் வருஷத்துக்கு மாப்பிள்ளை ஒரு பிரயாணம் ஏற்பாடு பண்ணிவிட்டார். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினால் காலையில் குமுளி. அங்கே எங்களுக்கென்று தனி வண்டி. அரை நாள். தேக்கடியில் படகு, பிறகு மலையிறங்கி கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சத் தோட்டம். வெளிநாட்டில் இப்படித்தானாம். ஜெர்மனியில் ரைன் நதியிலும் போர்ச்சுகலில் டூரோ நதியிலும் இரண்டு கரையிலும் திராட்சைத் தோட்டம், நடுவே படகு, இறங்கினால் ஒயின். "நம்ம ஊர்லயும் இருக்கு மாமா, ஒயின் மட்டும் கிடையாது, பயப்படாதீங்க" என்றார் மாப்பிள்ளை.

உல்லாசப் பிரயாணம் விசுவாசிக்குத் தகுமா என்று நான் ஒரு வாரம் முரண்டு பிடித்தேன். "இருபத்திநாலு வருஷமா அந்தப் பழத்தைக் காய்ச்சுறேன், அது காய்க்கிற இடத்தை ஒரு நாள் பாத்தா குத்தமா?" என்று என் மனைவி கேட்டாள். அதற்குப் பதில் இல்லை. புறப்பட்டோம்.

படகுத்துறைக்குள் நம் வண்டியை விடமாட்டார்கள். வனத்துறை பஸ்ஸில்தான் போக வேண்டும். படகில் ஏறினதும் எல்லாருக்கும் மிதவைச் சட்டை மாட்டுகிறார்கள். எழுந்து நடமாடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லுகிறார்கள். காரணம் உண்டு. 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி இதே தண்ணீரில் ஜலகன்யகா என்கிற படகு கவிழ்ந்து 45 பேர் மரித்தார்கள். கரையில் மிருகங்களைப் பார்க்க ஜனங்கள் ஒரே பக்கமாய்ச் சாய்ந்ததும் ஒரு காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. அன்று எங்களுக்குத் தூரத்தில் நாலைந்து யானைகள் தெரிந்தன. என் மனைவி எழுந்திருக்காமல் உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

தண்ணீரின் நடுவே பட்ட மரங்கள் மொட்டையாய் நிற்கின்றன. உச்சியில் நீர்க்காகம் உட்கார்ந்திருக்கிறது. பார்ப்பதற்கு ஏரி போல இருக்கிறது. ஆனால் ஏரி அல்ல, நிறுத்தி வைக்கப்பட்ட ஆறு. பெரியாறு மேற்கே அரபிக் கடலுக்கு ஓடுகிற ஆறு. 1886-ல் திருவிதாங்கூரும் சென்னை மாகாணமும் 999 வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதி, 1887-ல் பென்னிகுவிக் துரை வேலையைத் தொடங்கி, 1895-ல் அணை கட்டி முடித்தார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் போட்டுக் கட்டிய கட்டடம். பிறகு மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டி, மேற்கே போக வேண்டிய தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள். அது கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, மதுரை தாண்டி இராமநாதபுரம் வரைக்கும் ஜனங்களுக்குச் சோறு போடுகிறது. லோயர் கேம்பில் துரைக்கு 2013-ல் மணிமண்டபம் திறந்திருக்கிறார்கள். அங்கேயும் வண்டியை நிறுத்தினோம். டிரைவர் தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டார். நான் கும்பிடவில்லை, ஆனால் தொப்பியைக் கழற்றினேன்.

மலையிறங்கும்போது எனக்குள்ளே ஒன்று பட்டது. காலையில் படகில் மிதந்தேனே, அந்தத் தண்ணீர்தான் மலைக்குள்ளே புகுந்து, கீழே இறங்கி, வேர் வழியாய் ஏறிப் பழமாகிறது. தண்ணீர் ரசமாகிற அற்புதம் கானாவூரில் ஒரு நிமிஷத்தில் நடந்தது. இங்கே நாலு மாதத்தில் நடக்கிறது. இதை என் மனைவியிடம் சொன்னேன். "பிரசங்கம் அப்புறம், முதல்ல ஜன்னலைத் திறங்க, வாசனை வருது" என்றாள். (கானாவூர் ரசம் புளித்ததா, புளிக்காததா என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். அந்த வாதத்துக்கு இந்தப் பத்திரிகையின் பக்கங்கள் போதாது, என் படிப்பும் போதாது.)

கூடலூர் தாண்டினால் ரோட்டின் இரண்டு பக்கமும் பந்தல். கல்தூண் நட்டு, மேலே கம்பி வலை இழுத்து, அதன்மேல் கொடியைப் படரவிட்டிருக்கிறார்கள். குனிந்து உள்ளே போனால் பச்சை இருட்டு. தலைக்கு மேலே கொத்துக் கொத்தாய்க் கறுப்புத் திராட்சை, ஒவ்வொன்றின் மேலும் சாம்பல் பூத்தது போல ஒரு மங்கல். பெண்கள் கத்தரிக்கோலோடு அண்ணாந்து பார்த்தே வேலை செய்கிறார்கள். பத்து நிமிஷத்தில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அவர்கள் நாள் முழுக்க அப்படி நிற்கிறார்கள்.

1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த கொடி இது. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் மேல்நாட்டுப் பேர். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சை என்று புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. பாதிரியார் பூசைக்கு ரசம் வேண்டிய மனுஷர். நாமோ மேஜைக்கு ரசம் வேண்டியவர்கள். சபை வேறே, உபதேசம் வேறே, கொடி ஒன்றுதான்.

தோட்டக்காரர் நல்ல மனுஷர். ஒரு கொத்தை வெட்டிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். "ரெண்டு வருஷத்துல அஞ்சு வெள்ளாமை எடுப்போம்யா. கவாத்து பண்ணி நாலு மாசத்துல வெட்டிப்புடலாம். மத்த ஊர்ல சீசன்லதான் பழம், இங்க வருஷம் பூராவும் பழம்" என்றார். மழை பெய்தால் வெடிப்பு, பனி விழுந்தால் சாம்பல் நோய், மருந்துக் கடைக்குப் பாக்கி, விலை விழுந்தால் வெட்டுக்கூலிக்குக்கூடக் கட்டாது. எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னார். கவாத்து பண்ணின ஒரு பந்தலையும் காண்பித்தார். இலையே இல்லாமல், செத்துப்போனது போல் இருந்தது. "இதுவா காய்க்கும்?" என்று என் மனைவி கேட்டாள். "வெட்டினாத்தான்ம்மா காய்க்கும்" என்றார். யோவான் எழுதின சுவிசேஷத்தில் இதைப் படித்து எத்தனை தரம் பிரசங்கம் கேட்டிருக்கிறேன்! பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு ஒரு தகரக் கூரையின் கீழே உட்காரவைத்துக் குளிர்ந்த திராட்சைச் சாறு கொடுத்தார்கள். டிரைவர் தம்பி வேடிக்கையாய்ச் சொன்னார்: "வெள்ளைக்காரங்களக் கூட்டியாந்தா, ஒயின் எங்கம்பாக. ஜூஸ்தான் இருக்குன்னா மூஞ்சி சுருங்கிப் போகும் சார்." சிரித்தோம். நான் பேச்சோடு பேச்சாய்த் தோட்டக்காரரைக் கேட்டேன்: பழமெல்லாம் எங்கே போகிறது? "மெட்ராசு, கேரளா எல்லாம் போகுது. சில்லறைப் பழத்த ஜூஸுக்கு, ஒயினுக்குன்னு வாங்குறவுக வாங்குவாக. எட போட்டு நம்ம கைக்குக் காசு வந்தாச் சரி. அதுக்குமேல அது எங்க போனா நமக்கென்னய்யா?"

பிரியமானவர்களே, அவர் அதை எந்தக் கெட்ட எண்ணத்தோடும் சொல்லவில்லை. நானும் தலையாட்டினேன். தலையாட்டின அந்த நேரத்தில் கடைசி பெஞ்சு என் கண் முன்னே வந்து நின்றது. கையில் இருந்த சாறு இறங்கவில்லை.

அந்தச் சகோதரன் பி.காம். படித்தவர். 2003 நவம்பரில் மதுபானச் சில்லறை விற்பனை முழுவதையும் அரசாங்கத்தின் டாஸ்மாக் நிறுவனமே எடுத்துக்கொண்டது அல்லவா, அப்போது பட்டதாரிகளைச் சூப்பர்வைசராக எடுத்தார்கள். தொகுப்பூதியம். அரசாங்க வேலை என்று நினைத்து இவரும் சேர்ந்தார். வயது 24. வீட்டில் இனிப்பு கொடுத்தார்களாம். இன்றுவரை பகல் 12 மணிக்குக் கடை திறக்கிறார், ராத்திரி 10 மணிக்கு மூடிக் கணக்கு எழுதுகிறார். தன் வாயில் ஒரு சொட்டு விட்டதில்லை. ஆறு வருஷத்துக்கு முன் இரட்சிக்கப்பட்டு நம் சபைக்கு வந்தார். ஞானஸ்நானம் கேட்டார்.

கமிட்டி கூடினது. வேலையை விட்டுவிட்டு வரட்டும் என்று தீர்மானம். அயலானுக்குக் குடிக்கக் கொடுத்து வெறிக்கப் பண்ணுகிறவனுக்கு ஐயோ என்கிற கருத்தில் ஆபகூக் தீர்க்கன் சொன்னதை அன்று எடுத்துக் காட்டினவன் நான்தான். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தோம்.

நான் ஏன் அப்படிப் பேசினேன் என்றும் சொல்ல வேண்டும். 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்திக் கடை திறந்தபோது எனக்கு 13 வயது. அதுவரை டீக்கடையோடு நின்ற அப்பா, வீட்டுக்கு வரும் வழியில் இன்னொரு கடையிலும் நிற்கத் தொடங்கினார். 1974-ல் கடைகளை மூடினார்கள். அப்பா நிறுத்தவில்லை, திருட்டுத்தனமாய்க் காய்ச்சினதைத் தேடிப் போனார். 1979-ல் போய்ச் சேர்ந்தார். அம்மாவின் தாலியில் இருந்த குண்டு மணி ஒவ்வொன்றாய்க் குறைந்ததை எண்ணிக்கொண்டு வளர்ந்தவன் நான். ஆகையால் குடியைப் பற்றி எனக்குப் புதிதாய் யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கடைக் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து பாட்டிலை நீட்டுகிற கையை நான் வெறுத்தேன். இப்போதும் அந்த வெறுப்பு முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய்.

ஆனால் பந்தலின் கீழே வந்த கேள்வி இதுதான். ஒரு காரியத்தின் ஆரம்பத்தை அனுபவிக்கிறவன் அதன் முடிவுக்குப் பொறுப்பா, இல்லையா? எங்கே கோடு கிழிப்பது?

தோட்டக்காரருக்குத் தெரியாது, ஆகவே குற்றமில்லை. சரி. வியாபாரி? ஒயின் பண்ணுகிறவர்? நாசிக்கில் கோதாவரியின் கங்காபூர் அணைக்குப் பக்கத்தில் சூலா என்று பெரிய திராட்சத் தோட்டம் இருக்கிறது. 2005-ல் அங்கே ஒயினை ருசி பார்க்கிறதற்கென்றே ஓர் அறை திறந்தார்கள். மாப்பிள்ளையின் கம்பெனிக்காரர்கள் ஒரு தரம் போய் வந்தார்கள். போட்டோ காண்பித்தார். உயர்ந்த கண்ணாடிக் கிண்ணம், மெல்லிய தண்டு, பின்னால் அணைத் தண்ணீரில் சூரிய அஸ்தமனம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இடம் நல்லா இருக்கே மாப்பிள்ளை" என்றேன்! அவர் குடிக்கவில்லை என்று சொன்னார், நம்பினேன். குடித்தவர்களைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தையும் எழவில்லை. அதே வாரம் பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் பிளாஸ்டிக் டம்ளரோடு நின்ற ஒரு கொத்தனாரைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவைக் கடந்தேன். கண்ணாடியில் இருந்தால் ரசனை, பிளாஸ்டிக்கில் இருந்தால் பாவமா? நான் இத்தனை வருஷம் வெறுத்தது குடியையா, குடித்தவனின் சட்டையையா?

இதைச் சகோதரனிடம் பிறகு சொன்னபோது அவர் சிரித்தார். "அங்கிள், நாங்க விக்கிற பிராந்தியில திராட்சை இருக்கறது பாட்டில்ல ஒட்டின படத்துலதான். உள்ள இருக்கறது பெரும்பாலும் கரும்பு மொலாசஸ் சாராயம்" என்றார். அதுவும் உண்மைதான்.

இன்னொன்று. நான் மாநில அரசாங்க ஆபீசில் 33 வருஷம் வேலை செய்து 2016-ல் ஓய்வு பெற்றவன். மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடுகிறது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம், தசமபாகமும் ஒழுங்காய்க் கொடுக்கிறேன். 2023-24-ல் மட்டும் மதுவினால் அரசாங்கத்துக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அது தனிப் பெட்டியில் கிடக்கவில்லை. அதே கஜானாவில்தான் விழுகிறது. அங்கேயிருந்துதான் என் பென்ஷன், என் மனைவியின் இலவச பஸ், ரேஷன் அரிசி எல்லாம். அந்தச் சகோதரனின் சம்பளம் அந்தப் பெட்டிக்குள் கையை விட்டு வருகிறது, என் பென்ஷன் ஒரு குழாய் வழியாய் வருகிறது. அவர் பந்திக்கு வெளியே. நான் பந்தித் தட்டைத் தூக்குகிறவன்.

"அப்படிப் பார்த்தா எல்லாரும் குத்தவாளிதானே, அப்ப யாருமே குத்தவாளி இல்லைன்னு ஆயிடுமே" என்று கமிட்டியில் ஒரு மூப்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் அதைத் தள்ளிவிடவில்லை. தூரம் என்பது ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. தோட்டக்காரர் முகத்தைப் பார்க்கிறதில்லை. கடையில் இருப்பவர் பார்க்கிறார். கை நடுங்கிக்கொண்டு நிற்கிறவனின் முகத்தைப் பார்த்துவிட்டும் பாட்டிலை நீட்டுவது, எடை போட்டுப் பழத்தை விற்பது போல் அல்ல. அவருக்கும் அது தெரியும். அதனால்தான் ஆறு வருஷமாய் எங்களோடு சண்டை போடாமல் தட்டைத் தள்ளிவிடுகிறார். நியாயம் கேட்கிறவராய் இருந்தால் எனக்கு இவ்வளவு பாரம் இருந்திருக்காது.

வேதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். எபேசுவில் மாயவித்தைக்காரர் தங்கள் புஸ்தகங்களைக் கொண்டுவந்து எரித்தார்கள். ஒரேயடியாய் முடித்தார்கள். அது ஒரு வழி. ஆனால் யோவான்ஸ்நானனிடம் ஆயக்காரர் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, அவர் வேலையை விடச் சொல்லவில்லை. கூடுதலாய் வசூலிக்காதிருங்கள் என்கிற அளவில் நிறுத்தினார். போர்ச்சேவகருக்கும் அப்படியே. நாகமான் எஜமானுக்குக் கை கொடுத்து ரிம்மோன் கோவிலில் குனிய வேண்டியதிருக்கிறதே என்று கலங்கினபோது, எலிசா சமாதானத்தோடே அனுப்பிவிட்டார். ரேகாபியர் தகப்பன் சொல்லுக்காகத் திராட்சரசத்தைத் தொடவேயில்லை. கர்த்தர் அவர்களை மெச்சினார், ஆனால் மற்றவர்களும் அப்படியே கூடாரத்தில் குடியிருக்க வேண்டும் என்று கட்டளையிடவில்லை. நான் ஆபகூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு கமிட்டிக்குப் போனவன். மற்ற பக்கங்களும் அன்றைக்கு என் வேதாகமத்தில் இருந்தன.

இதையெல்லாம்விட என்னைக் குத்தினது வேறொன்று. வேலையை விடு என்று சொன்னோம். நாற்பது வயதுக்காரர், இரண்டு பெண் பிள்ளைகள், வாடகை வீடு. வேறே வேலை தேடிக் கொடுப்போம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நம் சபையில் கம்பெனி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆறு வருஷம்! உபவாச ஜெபத்தில் அவர் வேலைக்காக ஜெபித்தோம், அவ்வளவுதான். பாரத்தைக் கட்டி அவர் தோளில் வைத்துவிட்டு, ஒரு விரலாலும் நாங்கள் அதைத் தொடவில்லை.

திரும்பி வரும்போது இரண்டு பெட்டி பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டோம். விடியற்காலம் கிளாம்பாக்கத்தில் இறங்கினபோது பெட்டியோடு என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரைக் கூப்பிடுவேன்? எப்போதும் கூப்பிடுகிறவரைத்தான். ராத்திரி கடைக்கணக்கு முடித்து, தூங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. வண்டியோடு வந்துவிட்டார். பெட்டியை முன்னால் வைத்துக் கட்டினார்.

"எதுக்கு அங்கிள் இவ்வளவு?"

"முதல் ஞாயிறு வருதுல்ல தம்பி. பந்திக்கு."

ஒன்றும் பேசவில்லை. பெட்டிப் பக்கம் குனிந்து முகர்ந்து பார்த்தார். "நல்ல பழம் அங்கிள்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

எனக்கு இன்னும் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நம் சபையில் குடியினால் புருஷனை இழந்த சகோதரிகள் ஒருவர் இருவர் அல்ல. அவர்களில் ஒருவருடைய புருஷன் இந்தச் சகோதரனின் கடையிலேயே வாங்கிக் குடித்தவர். அவருக்குப் பந்தியில் இடம் கொடுத்தால் இவர் மனம் என்ன பாடுபடும்? மன்னிக்கிற உரிமை கமிட்டிக்கு முன்னே இவருக்கு அல்லவா? பயந்துகொண்டே போனேன். காபி கொடுத்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பிரதர், அவரு விழுந்து கெடந்தப்ப ரெண்டு தடவை ஆட்டோவுல ஏத்தி, ஆட்டோவுக்குக் காசும் குடுத்து வீட்டுக்கு அனுப்பினது அந்தத் தம்பிதான். கடைசியா பாட்டிலைக் குடுத்ததும் அந்தத் தம்பிதான். ரெண்டையும் நான் மறக்கல."

நான் எழுந்திருக்கப் போனேன். "இருங்க" என்றார். "குடுக்கறதா இருந்தா நான் இல்லாத நாள் பாத்துக் குடுத்துடாதீங்க. நான் அந்தப் பெஞ்சுல பக்கத்துல உக்காந்திருக்கும்போது குடுங்க. நான் பாக்கணும்."

அது மன்னிப்பா, இன்னும் ஆறாத கோபமா என்று நான் கேட்கவில்லை.

கமிட்டி வருகிற இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் கூடுகிறது. இந்தக் காரியத்தைத் திரும்ப எடுக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்குமுன் ஒரு விண்ணப்பம். தாம்பரம், வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கத்தில் கணக்கு எழுதுகிற வேலை, அல்லது குடோன் பார்த்துக்கொள்கிற வேலை, பி.காம்., வயது 46, 22 வருஷம் தினசரி ரொக்கக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகாதவர். யாருக்காவது தெரிந்தால், ஆராதனை முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். தட்டு கழுவுகிற இடத்தில் இருப்பேன்.